பட்டம் முடித்ததும் சமூகத் தொழில்முனைவு: எந்தக் குணத்துக்கு எந்த வழி?

சமூகப் பிரச்சினை ஒன்றைத் தொழில் நடத்தித் தீர்க்க முயலும் சமூகத் தொழில்முனைவில் இறங்க விருப்பமா என்று இறுதியாண்டு வகுப்பில் கேட்டால் கைகள் நிறையவே உயரும். அந்த விருப்பம் உண்மையானது. ஆனால் அது செயலாக மாறும் அளவு குறைவு. எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள உறவை அளந்த ஆய்வுகளைப் பாஸ்கல் ஷீரன் 2002இல் தொகுத்துப் பார்த்தார். மனிதர்களின் செயலில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 28% மட்டுமே அவர்களுடைய முன் எண்ணத்தால் விளங்கியது. ஆர்வம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாழ்க்கை முடிவை எடுத்தால் அந்த முடிவு பாதிக் கிணறுகூடத் தாண்டாது.

பட்டம் கைக்கு வந்ததும் தமிழ்நாட்டில் ஒருவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. உடனே சொந்தமாகத் தொடங்கலாம். ஏற்கெனவே நடக்கும் சமூக நிறுவனத்தில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்க்கலாம். உதவித்தொகையோடு களப்பணி தரும் ஃபெல்லோஷிப் ஒன்றில் சேரலாம். மேற்படிப்புக்குப் போகலாம். இந்த நான்கில் எது என்பதைத் தேர்வு செய்யக் குணம் உதவும். சமூகத் தொழிலே வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை மட்டும் ஒரு குணத் தேர்வின் மதிப்பெண்ணிடம் ஒப்படைக்கக் கூடாது.

உள்ளே இழுக்கும் குணமும் உள்ளே நிற்க வைக்கும் குணமும்

உளவியலில் பரவலாக ஏற்கப்பட்ட ஐந்து பெருங்குணங்கள்: புதியதை நாடும் மனம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். ஜாவோவும் சைபர்ட்டும் 2006இல் தொழில்முனைவோரையும் சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தொழில்முனைவோரிடம் ஒழுங்கும் புதியதை நாடும் மனமும் கூடுதலாக இருந்தன. பதற்றமும் இணக்கமும் குறைவாக இருந்தன. கலகலப்பில் வேறுபாடு இல்லை. மேடையில் நன்றாகப் பேசுகிறவரே தொழிலுக்கு ஏற்றவர் என்ற கல்லூரி நம்பிக்கைக்கு இந்தத் தொகுப்பு ஆதரவு தரவில்லை.

மலேசியாவில் ங்காவும் சண்முகநாதனும் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அது குறிப்பாகச் சமூகத் தொழில்முனைவைப் பற்றியது. அங்கே இணக்கம் நேர்மாறாக நடந்துகொண்டது. சமூகத் தொழில்முனைவின் எல்லாக் கூறுகளோடும் அது சாதகமான தொடர்பு காட்டியது. புதியதை நாடும் மனம் சமூக நோக்கு, புதுமை, வருவாய் ஆகியவற்றோடு இணைந்து நின்றது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பட்டதாரிக்குப் பயன். அடுத்தவர் துன்பம் கண்டு பொறுக்காத இணக்கம் ஒருவரை இந்தத் துறைக்குள் கொண்டுவருகிறது. தொழிலை நடத்தும்போது விலை வைக்கவும், கடன் வசூலிக்கவும், ஒத்துவராத ஆளை நிறுத்தவும் அதே இணக்கம் தடையாக நிற்கிறது. சமூக நிறுவனங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தோல்வி இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது எங்கள் மதிப்பீடு.

கணக்கு போட்டுப் பாருங்கள். மகளிர் குழு ஒன்று 250 கிராம் சிறுதானியச் சத்துமாவுப் பொட்டலத்தை 120 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். கடைக்காரருக்கு 20%, விநியோகஸ்தருக்கு 10% போனால் கைக்கு வருவது 84 ரூபாய். மூலப்பொருள் 38, கூலி 14, பை, லேபிள் 9, போக்குவரத்து 7, திரும்பி வரும் சரக்கு 4 என்று செலவு 72 ரூபாய். பொட்டலத்துக்கு 12 ரூபாய் மிச்சம். மாதம் 2,000 பொட்டலம் போனால் 24,000 ரூபாய். தொடங்கியவருக்கு ஒரு சுமாரான சம்பளம்கூட அதில் முழுதாக வராது. இந்த நிலையில், ஏழைகளும் வாங்கவேண்டும் என்று விலையை 100 ஆக்கினால் கைக்கு 70 வரும், செலவு 72 ஆகும். விற்கிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 2 ரூபாய் நட்டம். விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும். அந்த 20 ரூபாயைக் குறைத்தது கருணை. ஆறு மாதத்தில் குழுப் பெண்களின் கூலியை நிறுத்துவதும் அதே 20 ரூபாய்தான்.

விலையைக் குறைக்காமல் ஏழைகளுக்குக் கொடுக்க வழி உண்டு. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்த வழியில்தான் வளர்ந்தது. கட்டணம் கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை கொடுத்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை தடையாக இருந்தபோது 1992இல் ஆரோலேபைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். கருணையும் கண்டிப்பான கணக்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. டாக்டர் வெங்கடசாமி அதைத் தொடங்கியது அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுவைச் சிகிச்சையில் பல்லாண்டு அனுபவத்தோடு என்பதையும் இருபத்திரண்டு வயதுக்காரர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

குணத்தை எப்படி அளப்பது

நான்கு எழுத்தில் வகை சொல்லும் பிரபலமான தேர்வை (எம்பிடிஐ) இந்த முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. மினி ஐபிப் என்ற 20 வாக்கியப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. குணம் ஒன்றுக்கு நான்கு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எதிர்மறை வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்துவிடாதீர்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். உங்களை அறிந்த இருவரிடமும் உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர், கல்லூரி விழாவுக்கோ துறைச் சுற்றுலாவுக்கோ நீங்கள் பணப்பொறுப்பு வைத்திருந்தபோது உடன் இருந்தவராக இருக்கட்டும். உங்கள் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் கொடுத்ததற்கும் பெரிய இடைவெளி விழும் குணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

தாளில் எழுதுவதைவிட ஆறு வாரச் சோதனை நன்றாக வேலை செய்யும். மாவட்டத் தலைநகரில் மகளிர் குழுக்கள் விற்கும் பூமாலை வணிக வளாகத்திலோ பக்கத்து ஊர்க் குழுவிடமோ 10,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்குங்கள். பணம் கொடுத்தே வாங்குங்கள். கடனுக்கு வாங்கினால் சோதனை பொய்த்துவிடும். நான்கு வாரத்தில் தெரியாத ஆட்களிடமும் கடைகளிலும் விற்கவேண்டும். உறவினருக்கு விற்றது கணக்கில் சேராது. இரண்டு கடைகளுக்காவது ஒரு வாரக் கடன் கொடுங்கள். கடைசி இரண்டு வாரம் வசூலுக்கு. அன்றன்றைய வரவு செலவை அன்றிரவே எழுதுங்கள்.

முடிவில் ஐந்து குணமும் வெளியே வந்திருக்கும். நோட்டில் எத்தனை நாள் எழுதாமல் விட்டீர்கள் என்பது ஒழுங்கின் அளவு. கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பியது, கேட்காமலே எத்தனை பேருக்கு விலை குறைத்தீர்கள் என்பது இணக்கத்தின் அளவு. விற்காத முதல் வாரத்தில் தூக்கம் எப்படி இருந்தது என்பது பதற்றம். மூன்றாவது வாரத்தில் வேறு பொருளுக்கு மாறலாமே என்று மனம் ஓடியிருந்தால் அது புதியதை நாடும் மனம் அளவுக்கு மீறிப்போனதன் அடையாளம். முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்தபோது தெம்பு கூடியதா, வடிந்ததா என்பது கலகலப்பைச் சொல்லும்.

உடனே சொந்தமாகத் தொடங்குவது

மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் மட்டும் இந்த வழி. ஆறு வாரச் சோதனையில் ஒழுங்கு நல்ல நிலையில் இருக்கவேண்டும். எடுத்துக்கொண்ட பிரச்சினையோடு நேரடிப் பழக்கம் இருக்கவேண்டும்: கைத்தறி என்றால் தறி வீட்டில் வளர்ந்தவர், பால் என்றால் மாடு வைத்திருந்த குடும்பம், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்றால் அவர்களோடு வாழ்ந்தவர். மூன்றாவது, 18 மாதத்துக்கான வீட்டுச் செலவு கையில் இருக்கவேண்டும். மாதம் 18,000 ரூபாய் என்றால் 3,24,000 ரூபாய். இது தொழிலில் போடும் முதல் கிடையாது, நீங்கள் சாப்பிடுவதற்கான பணம்.

கல்விக் கடன் இருந்தால் கணக்கு மாறும். பொதுவான திட்டத்தில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. அதன் பிறகு 4 லட்சம் கடனுக்கு 10% வட்டியில் ஏழாண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 6,640 ரூபாய்; படிக்கும்போது ஏறிய வட்டி இதற்கு மேல். அந்தத் தவணை தொடங்கும் மாதத்தில்தான் பலருடைய சமூக நிறுவனம் நின்றுபோகிறது. கடனில் உடன் கையெழுத்திட்ட அப்பாவுக்கு வங்கியிலிருந்து அழைப்பு வந்த பிறகு வீட்டில் யாருக்கும் சமூக நோக்கு பற்றிக் கேட்கப் பொறுமை இருக்காது.

சட்ட வடிவத்திலும் குணம் நுழைகிறது. நல்ல மனம் உள்ளவர்கள் முதலில் நினைப்பது அறக்கட்டளை. தமிழ்நாட்டில் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் அறக்கட்டளை உருவாகிவிடும். சங்கமாக வேண்டுமென்றால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் தேவை. பிரிவு 8 நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் வருவது. லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரிக்க முடியாது. இவை மூன்றும் நன்கொடையில் நடக்கும் வேலைக்குப் பொருந்தும். பொருள் விற்று நடத்தும் வேலைக்குச் சிக்கல் தரும். பொதுப்பயன் என்ற வகையில் வரி விலக்கு வாங்கும் அமைப்பு வணிக நடவடிக்கையிலிருந்து பெறும் தொகை மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆண்டு விலக்கு போய்விடும். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி போன்ற வகைகளுக்கு இந்த வரம்பு வேறு விதமாக நடப்பதால், நோக்கப் பிரிவை எழுதும் முன்பே பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். பத்திரம் பதிந்த பிறகு பார்ப்பதில் பலன் குறைவு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணம் வரும் என்று நம்பி அறக்கட்டளை தொடங்குகிறவர்களும் ஏமாறுகிறார்கள். நிறுவனங்கள் வெளி அமைப்புக்குச் சிஎஸ்ஆர் நிதி தரவேண்டுமானால் அந்த அமைப்புக்கு வரிப் பதிவுகளோடு ஒத்த பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கும் மூன்றாண்டு வயதும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் செலவும் காட்டவேண்டும். பங்குச் சந்தையின் சமூகப் பிரிவும் மூன்றாண்டு பழைய அமைப்புகளுக்கே. முதல் மூன்றாண்டை விற்பனையிலோ சொந்தப் பணத்திலோ கடக்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

இரண்டு பேர் சேர்ந்து சிறிய அளவில் விற்கத் தொடங்கினால் எல்எல்பி எனும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை போதும். விற்பனை 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாதவரை அந்தச் சட்டத்தின்கீழ் தணிக்கை கட்டாயமில்லை. தனியார் நிறுவனம் (பிரைவேட் லிமிடெட்) என்றால் விற்பனையே இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. ஆண்டுப் படிவம் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். ஒழுங்கு குறைந்தவர் ஒருவர் இரண்டு படிவத்தை 200 நாள் மறந்தால் 40,000 ரூபாய் காலி. ஆனால் வெளி முதலீட்டாளர் பங்கு கேட்பார் என்ற நிலை இருந்தால் தனியார் நிறுவனமே வழி. மைய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனியார் நிறுவனத்துக்கும் எல்எல்பிக்கும் கிடைக்கும். அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் கிடைக்காது. உற்பத்தித் திட்டம் 10 லட்சத்துக்கு மேல் போனால் படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்; திட்டச் செலவில் 25% மானியமும் வட்டியில் 3% சலுகையும் உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35%.

நடக்கும் நிறுவனத்தில் வேலை

பெரும்பாலானோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். இணக்கம் அதிகம், வசூல் குறைவு என்று சோதனையில் வந்தவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கை ஹாக்கெர்ட்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சமூகப் பிரச்சினையோடு முன்பே பழகிய அனுபவம் சமூகத் தொழில்முனைவு எண்ணத்தை வளர்ப்பதாகத் தெரிந்தது. அந்த அனுபவம் வேலை செய்த வழிகளில் வலுவானது, என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை கருத்தரங்கில் உட்கார்ந்தால் வராது. ஒரு லாரிச் சரக்கைச் சரியான நாளில் அனுப்பிப் பணம் வாங்கியவருக்கு வரும்.

எந்த வேலையில் சேர்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. ஆவணப்படம் எடுப்பது, அறிக்கை எழுதுவது, சமூக ஊடகம் பார்ப்பது ஆகியவை ஏற்கெனவே உங்களிடம் உள்ள கலகலப்புக்குத் தீனி போடும். கொள்முதல், கிடங்கு, வசூல், கிளைக் கணக்கு ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நேர்காணலில் மூன்று கேள்வி கேளுங்கள்: வரவில் எவ்வளவு விற்பனையிலிருந்து வருகிறது, எவ்வளவு நன்கொடை; கடந்த ஓராண்டில் சம்பளம் எப்போதாவது தாமதமானதா; இரண்டாண்டில் களப்பணியாளர் எத்தனை பேர் விலகினார்கள். மூன்றாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் வாய்ப்பு ஒன்று உண்டு: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர் பணி. பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்க 2020இல் வந்த மத்தியத் திட்டத்தில் சமவெளியில் குறைந்தது 300 உழவர் சேர்ந்த நிறுவனத்துக்கு மூன்றாண்டில் 18 லட்சம் வரை நிர்வாகச் செலவு கிடைக்கிறது. செயல் அலுவலர் சம்பளம் அதிலிருந்துதான். சம்பளம் குறைவு. ஆனால் இயக்குநர் குழுவைக் கூட்டுவது, உரம் வாங்குவது, விளைபொருளை விற்பது, ஆண்டுப் படிவம் தாக்கல் செய்வது எல்லாம் ஒரே ஆள் தலையில். மூன்றாண்டு உதவி நின்ற பிறகு நிறுவனம் தன் காலில் நிற்குமா என்று சேர்வதற்கு முன்பே கொள்முதல் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு இந்தப் பணி ஒத்துவராது. உழவர் பக்கமும் வியாபாரி பக்கமும் ஒரே நாளில் கோபப்படுவார்கள்.

ஃபெல்லோஷிப்பும் மேற்படிப்பும்

புதியதை நாடும் மனம் உச்சத்தில், களப்பழக்கம் பூஜ்யம் என்றால் ஃபெல்லோஷிப் பொருத்தம். எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா 13 மாதம். கிராமத்தில் தங்கி ஒரு தொண்டு நிறுவனத்தோடு திட்டம் ஒன்றை நடத்தவேண்டும். டீச் ஃபார் இந்தியா இரண்டாண்டு. சென்னையிலும் வகுப்பறைகள் உண்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இரண்டாண்டு. அரசு இயந்திரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கற்க அதற்கு ஈடில்லை, எடுக்கும் ஆட்கள்தாம் மிகச் சிலர். ஃபெல்லோஷிப்பின் குறை, உதவித்தொகை தவறாமல் வருவதால் விற்பனை என்ற சோதனை உங்கள்மேல் விழுவதில்லை. முடிந்த மறுமாதமே தொடங்கிவிட எண்ணினால் ஆறு வாரச் சோதனையைக் கிராமத்திலேயே ஒருமுறை செய்யுங்கள்.

மேற்படிப்பு இரண்டாண்டையும் கட்டணத்தையும் கேட்கும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் (டிஸ்) சமூகத் தொழில்முனைவுக்கென்றே முதுகலை இருக்கிறது. மதுரையில் தானம் அறக்கட்டளையின் அகாடமியில் வளர்ச்சி மேலாண்மை. காந்திகிராமத்தில் ஊரக வளர்ச்சி. பொறியியலோ அறிவியலோ படித்து, ஊர்ப்புறப் பொருளாதாரமும் நிதிக் கணக்கும் சுத்தமாகத் தெரியாதவருக்கு இது பயன். தன்னம்பிக்கை போதவில்லை என்பதற்காகச் சேர்கிறவருக்கு இரண்டாண்டு கழித்தும் அதே தயக்கம், கூடவே இன்னொரு கடன்.

குணம் மாறாது என்று நினைத்து ஒதுங்குகிறவர்களுக்கு டோகோ நாட்டுச் சோதனையைச் சொல்லவேண்டும். அங்கே 1,500 சிறு தொழில் நடத்துவோரிடம் செய்த ஆய்வு 2017இல் வந்தது. தானாக முன்வந்து செய்யும் மனப்பாங்கைப் பயிற்றுவித்த குழுவின் லாபம் 30% கூடியது. கணக்கு, சந்தை என்று வழக்கமான வணிகப் பாடம் படித்த குழுவுக்கு 11%. புள்ளியியல்படி அது உறுதியானதாகவும் இல்லை. நடந்துகொள்ளும் விதத்தைப் பயிற்சியால் நகர்த்த முடியும். நகராத பகுதியைக் கூட்டாளியால் நிரப்பலாம்.

கூட்டாளியைத் தேடும்போது நம்மைப் போன்றவரையே மனம் தேடும். இணக்கம் மிகுந்த இரு நண்பர்கள் சேர்ந்தால் வசூல் கேட்க ஆளே இருக்காது. வசூல் நோட்டை யார் வைத்திருக்கிறார், விலை குறைக்க இருவர் கையொப்பமும் வேண்டுமா, வங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய்க்கு மேல் கூட்டுக் கையொப்பம், ஒருவர் ஓராண்டுக்குள் விலகினால் அவர் பங்கு என்னாகும் என்ற நான்கையும் முத்திரைத்தாளில் எழுதி, முதல் சரக்கு வாங்குவதற்கு முன்பே இருவரும் கையெழுத்திடுங்கள். பங்கு முழுவதையும் முதல் நாளே பிரித்துக் கொடுக்காமல் நான்காண்டில் படிப்படியாகச் சேரும்படி எழுதினால், ஆறாவது மாதம் அரசு வேலை கிடைத்துப் போகிறவர் பாதிப் பங்கோடு போகமாட்டார். பெரிய நிறுவனங்களுக்கு விற்பதாக இருந்தால் தொடங்கும்போதே, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையும் முடித்துவிடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்ற சட்டம் உங்கள் பக்கம் இருக்கும். பணத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறவர் அந்த விதியை விற்பனைப் பில்லின் அடியிலேயே அச்சடித்து வைக்கலாம்.